‘காணப்படவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று பொருளா?
பட்டுப்புழு நோயும் படம் பார்த்து எண்ணும் கம்ப்யூட்டரும்



சின்னமனூர் பக்கத்திலிருந்து ஒரு பட்டு விவசாயி என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் மடித்து வைத்த ஒரு தாள். 150 முட்டைத் தொகுதி இறக்கியிருந்தார். மூன்றாம் தோலுரிப்பு வரை பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரே தட்டில் ஒரு புழு பெரிதாகவும் பக்கத்துப் புழு சிறுத்தும் கிடந்தது. சில புழுக்கள் தழை தின்னவே இல்லை. கடைசியில் பாதிக்கு மேல் கூடு கட்டவில்லை. சோதித்துப் பார்த்ததில் பெப்ரைன் நோய் என்று தெரிந்தது. தழை, ஆள் கூலி, வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து இரவு பகல் பார்த்த உழைப்பு, எல்லாம் போயிற்று.

அவர் கொண்டுவந்த தாள், முட்டையோடு வந்த பரிசோதனை அறிக்கை. அதில் ‘பெப்ரைன் காணப்படவில்லை’ என்று இருந்தது. அதை மேசை மேல் விரித்து வைத்துவிட்டு அவர் கேட்டார்:

“என்ன சார் இது? மைக்ராஸ்கோப் வச்சுப் பாத்தவுக ‘இல்ல’ன்னுதான எழுதிக் குடுத்திருக்காக? மனுசன் பாத்தா இப்பிடித்தான். இப்ப கம்ப்யூட்டரே படம் புடிச்சு எண்ணிச் சொல்லிருதாமே. அதுல பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல?”

“ஐயா, அந்தத் தாளை இன்னொரு தடவை படிங்க. அதில் ‘இல்லை’ என்று எழுதவில்லை. ‘காணப்படவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறது” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? ஆனால் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் அவருடைய நஷ்டம் ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் உதவுமா, எதுவரை உதவும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகப் பேசப் போகிறேன்.

மிளகு தூவிய நோய்

பெப்ரைன் என்ற பெயர் தென் பிரான்சு நாட்டு வட்டார மொழியிலிருந்து வந்தது. அங்கே மிளகுக்கு ‘பெப்ரே’ என்று பெயர். நோய் கண்ட புழுவின் உடம்பில் மிளகுப் பொடி தூவினாற்போலக் கரும்புள்ளி தோன்றும். அதனால் இந்தப் பெயர். நம் மலையில் விளையும் மிளகு எங்கேயோ ஒரு புழு நோய்க்குப் பெயராகிப் போனது வேடிக்கைதான்.

இந்த நோயை உண்டாக்குவது ‘நொசீமா பாம்பிசிஸ்’ என்ற ஒட்டுண்ணி. 1857-ல் இதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இதன் வித்து முட்டை வடிவில் இருக்கும். நீளம் 3 முதல் 4 மைக்ரான், அகலம் ஏறக்குறைய 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனத்துக்குக் குறுக்கே இந்த வித்துகளை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய இருபது வித்து நிற்கும்.

மற்ற நோய்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இது தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடும். நோயுள்ள தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து நோயோடுதான் புழு பிறக்கும். அந்தப் புழுவின் எச்சம் தழையில் பட்டு, அதைத் தின்னும் பக்கத்துப் புழுவுக்கும் தொற்றிக்கொள்ளும். நூறு முட்டைத் தொகுதி என்பது நாற்பது, ஐம்பதாயிரம் புழு. அதில் ஒரு தொகுதி கெட்டிருந்தாலும் நானூறு, ஐந்நூறு புழு நோயோடு பொரிந்து வருகிறது. இளம்புழு வளர்ப்பு மையத்தில், அதாவது சாக்கி சென்டரில், ஒரே இடத்தில் பல விவசாயிகளுக்கான புழு வளர்கிறது. அங்கே இது நுழைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பாஸ்டர் கண்ட வழி

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டுப் பட்டுத் தொழிலை இந்த நோய் ஏறக்குறைய அழித்தே விட்டது. 1853-ல் சுமார் 26,000 டன் பட்டுக்கூடு விளைந்த நாட்டில் 1865-ல் சுமார் 4,000 டன்தான் கிடைத்தது. அந்த 1865-ஆம் ஆண்டில்தான் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானியை அலேஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் அவர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டதுகூட இல்லை.

ஐந்தாறு ஆண்டு உழைத்து அவர் சொன்ன வழி மிக எளிமையானது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனித் துணித்துண்டில் முட்டையிட விடுங்கள். முட்டை இட்டு முடிந்ததும் அந்தத் தாயை நசுக்கி, ஒரு சொட்டு நீர் விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வித்து தெரிந்தால் அந்த முட்டையை எரித்துவிடுங்கள். தெரியாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். 1870-ல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார்.

நூற்றைம்பது ஆண்டு கழித்தும் இன்றைக்கு நம் நாட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் இதே வழிதான். தாயைப் பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரக் கரைசலில் அரைக்கிறார்கள். கொழுப்பும் சதையும் கரைந்து வித்து தனியே நிற்கும். பிறகு வடிகட்டி, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்து 600 மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள். 2006-ல் மத்திய பட்டு வாரியச் சட்டத்தில் திருத்தம் வந்தது. முட்டை உற்பத்தி செய்பவர்களும் இளம்புழு வளர்ப்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்ற பெயரே இந்தப் பரிசோதனையை வைத்துத்தான் வந்தது.

அப்படியானால் நம் விவசாயிக்கு ஏன் நஷ்டம் வந்தது?

இருபது பார்த்தால் போதுமா?

தாய்விதை நிலையில் ஒவ்வொரு அந்துப்பூச்சியையும் தனித்தனியே பார்ப்பார்கள். ஆனால் விவசாயிக்குக் கொடுக்கும் வணிக முட்டை லட்சக்கணக்கில் உற்பத்தியாகிறது. அங்கே ஒவ்வொன்றாகப் பார்க்க ஆளும் நேரமும் போதாது. ஆகவே மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள்.

மாதிரி எடுப்பதை ஏலக்காயை வைத்துச் சொல்கிறேன். போடி ஏலக்காய்க் கடையில் ஒரு பெரிய மூட்டை. நூற்றுக்கு ஒரு காய் மட்டும் கறுத்த காய். நீங்கள் கையை விட்டு இருபது காய் எடுக்கிறீர்கள். ஒரு கறுப்புக் காயாவது கையில் வருமா? கணக்குப் போட்டால், நூறு தடவை அப்படி எடுத்தால் 82 தடவை கறுப்புக் காய் ஒன்றுகூட வராது. மூட்டையில் கறுப்பு இருக்கிறது. உங்கள் கையில் இல்லை. அவ்வளவுதான். நூறு காய் எடுத்துப் பார்த்தாலும் 37 தடவை தப்பிவிடும். முந்நூறு காய் எடுத்துப் பார்த்தால்தான் தப்புவது ஐந்து தடவையாகக் குறையும்.

அந்துப்பூச்சியிலும் இதே கணக்குத்தான். நூற்றுக்கு ஒரு தாய் நோயோடு இருந்து, இருபது தாயை மட்டும் பார்த்து, ‘காணப்படவில்லை’ என்று எழுதினால், எழுதியவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததில் காணவில்லை, அவ்வளவே. எத்தனை பார்த்தார் என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்கு மதிப்புப் போட முடியாது.

அந்த விவசாயிக்கு இதைச் சொன்னபோது, “அப்ப எத்தன பாத்தாகன்னு தாள்ல போட்டிருக்கணுமா இல்லையா சார்?” என்றார். சரியான கேள்வி. அந்தத் தாளில் அது இல்லை.

ஒன்று தெரிந்தால் பத்தாயிரம்

இன்னொரு கணக்கும் உண்டு. வித்தை எண்ணுவதற்கு ஆய்வகத்தில் கோடு போட்ட ஒரு கண்ணாடித் தகடு வைத்திருக்கிறார்கள். இரத்த அணு எண்ணுவதற்காக வந்த தகடு அது. அதன் நடுச் சதுரம் ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம். மேலே மூடும் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. ஆக அந்தச் சதுரத்தில் நிற்கும் திரவம் 0.1 கன மில்லிமீட்டர். ஒரு மில்லி லிட்டர் என்பது ஆயிரம் கன மில்லிமீட்டர், அதாவது அந்தச் சதுரத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு.

இதற்கு என்ன அர்த்தம்? சதுரத்தில் ஒரே ஒரு வித்து தெரிந்தால் மில்லிக்குப் பத்தாயிரம் வித்து என்று கணக்கு. மாற்றிப் பாருங்கள். மில்லிக்கு ஆயிரம் வித்துதான் இருக்கிறதென்றால், பத்துச் சதுரம் பார்த்தால் சராசரியாக ஒன்று கண்ணில் படும். ஒரு சதுரம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நோய் இலேசாக உள்ள தாய் ஒன்றை நல்ல தாய்கள் பலவற்றோடு சேர்த்து அரைத்தால் வித்து இன்னும் நீர்த்துப்போகும்.

ஆக, அதிகத் தாய் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மாதிரியிலும் அதிக இடம் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணுக்கு இது கடினம். காலை முதல் குழாய்க்குள் குனிந்து பார்க்கிறவர் மதியத்துக்கு மேல் எவ்வளவு கவனமாகப் பார்ப்பார்? கண் எரியும், கழுத்து வலிக்கும். கம்ப்யூட்டர் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

புள்ளிக் கோலத்தில் வித்தைத் தேடுவது

படம் பார்த்து எண்ணும் இயந்திரம் இன்று நேற்று வந்ததல்ல. 1963-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பகுதியில் ‘குவான்டிமெட்’ என்ற கருவி விற்பனைக்கு வந்தது. எஃகில் கலந்திருக்கும் அழுக்குத் துகளை அளக்க அதைச் செய்தார்கள். 1987-ல் அமெரிக்க தேசியச் சுகாதார நிலையத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் என்பவர் படங்களை அளக்கும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை எழுதினார். 1997-ல் அதன் வழியில் ‘இமேஜ்-ஜே’ என்ற நிரலைக் கொடுத்தார். இதைக் காசில்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரும், கேமரா பொருத்திய மைக்ராஸ்கோப்பும் இருந்தால் போதும்.

அது எப்படி எண்ணுகிறது? மார்கழி மாதம் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா எடுக்கும் படமும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255, நடுவில் உள்ள சாம்பல் நிறங்களுக்கு நடுவில் உள்ள எண்கள். கம்ப்யூட்டருக்கு வித்தும் தெரியாது, அந்துப்பூச்சியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இந்த எண்கள் மட்டும்தான்.

முதல் வேலை, வெளிச்சத்தில் ஒரு எல்லைக் கோடு போடுவது. அரிசி ஆலையில் ‘கலர் சார்ட்டர்’ பார்த்திருப்பீர்கள். கறுப்பு அரிசி விழும்போது கேமரா பார்த்து, காற்றால் ஊதித் தள்ளிவிடும். இவ்வளவுக்கு மேல் கறுப்பாக இருந்தால் தள்ளு என்று ஒரு அளவு அதில் வைத்திருப்பார்கள். இங்கேயும் அதேதான். ‘இந்த எண்ணுக்கு மேல் வெளிச்சமாக இருந்தால் அது பொருள், கீழே இருந்தால் பின்னணி’ என்று பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கத்தில் பக்கத்தில் உள்ள வெளிச்சப் புள்ளிகளை ஒரு கூட்டமாகச் சேர்ப்பது. ஒரு கூட்டம் ஒரு பொருள்.

மூன்றாவது, சலிப்பது. போடி ஏலத்தில் 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்குத் தனி விலை இல்லீங்களா? அதுபோல ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீளம், அகலம், பரப்பு, உருண்டையா நீள்வட்டமா என்று அளந்து, வித்தின் அளவுக்குள் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளும். மிஞ்சியதை எண்ணும்.

மைக்ராஸ்கோப்பின் மேடையைத் தானாக நகர்த்தும் மோட்டார் இருந்தால், ஒரு மாதிரியில் நூறு இடத்தைப் படம் பிடித்து இதையே நூறு தடவை செய்யும். நூறாவது படத்தையும் முதல் படத்தைப் போலவே பார்க்கும். களைப்பு கிடையாது. அதே சமயம், ‘இது என்னவோ சந்தேகமாக இருக்கிறதே’ என்று அது நின்று யோசிப்பதும் கிடையாது. எல்லைக் கோட்டை நாம் தப்பாகப் போட்டால் நூறு படத்திலும் தப்பாகவே எண்ணிக்கொண்டு போகும்.

அளவுகோல் தப்பினால் நோயே மறைந்துவிடும்

புள்ளிக் கணக்கை மைக்ரான் கணக்காக்க ஒரு அளவுகோல் வேண்டும். அதற்கென்று ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 10 மைக்ரான். அதைப் படம் பிடித்து, 100 மைக்ரானுக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும். 400 புள்ளி என்று வந்தால் ஒரு மைக்ரானுக்கு 4 புள்ளி. மூன்றரை மைக்ரான் நீளமுள்ள பெப்ரைன் வித்து படத்தில் 14 புள்ளி நீளம் வரும்.

இப்போது ஒரு சின்னத் தவறு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மடங்குக் கண்ணாடிக்குப் பதிலாக 20 மடங்குக் கண்ணாடியைத் திருப்பிவிட்டார் ஒருவர். கம்ப்யூட்டரில் அளவுகோலை மாற்ற மறந்துவிட்டார். அதே வித்து இப்போது 7 புள்ளி நீளம்தான் இருக்கும். கம்ப்யூட்டர் பழைய கணக்கில் 1.75 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்ததைத் தள்ளு என்று சொல்லியிருந்தால் எல்லா வித்தையும் தள்ளிவிடும். அறிக்கையில் என்ன வரும்? ‘எண்ணிக்கை: பூஜ்யம்’ என்று அழகாக அச்சடித்து வரும்.

கை எழுத்தைவிட அச்சு எழுத்தை நாம் கூடுதலாக நம்புகிறோம். அதனால் இந்தத் தவறு மனிதத் தவறைவிட ஆபத்தானது. எடைமேடையில் லாரி ஏற்றுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, நோய் உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரியை முதலில் வைத்து, கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற மாதிரிகளை வைக்க வேண்டும். தெரிந்த நோயையே காணாத கருவி தெரியாத நோயை எப்படிக் காணும்?

ஒட்டிக்கொண்டவையும் போலிகளும்

இரண்டு வித்து ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு அது ஒரே பெரிய பொருள். அளவு பெரிதென்று தள்ளிவிடவும் கூடும். இதைப் பிரிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு வைத்த பெயரே நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற பெயர்: நீர்ப்பிரி மேடு.

குமுளி மலை முகட்டில் பெய்யும் மழையில் அந்தப் பக்கம் விழுந்தது பெரியாற்றுக்குப் போகிறது, இந்தப் பக்கம் விழுந்தது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்கு வருகிறது. நடுவில் மேடு. ஒட்டிய இரண்டு வித்தின் படத்தையும் கம்ப்யூட்டர் இரண்டு பள்ளமாகக் கற்பனை செய்துகொள்கிறது. ஒவ்வொரு வித்தின் மையமும் ஆழமான இடம். இரண்டிலும் தண்ணீர் ஏறுவதுபோல் கணக்குப் போட்டு, தண்ணீர் சந்திக்கும் இடத்தில் ஒரு வரப்புப் போடுகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இது பெரும்பாலும் சரியாக வரும். கொத்தாக ஏழெட்டு ஒட்டிக்கொண்டால் தடுமாறும்.

டெங்குக் காய்ச்சல் காலத்தில் தட்டணு எண்ணிக்கை பார்த்திருப்பீர்கள். பல ஆய்வகங்களில் இரத்த அணுவைக் கருவிதான் எண்ணுகிறது. வாலஸ் கோல்ட்டர் என்பவர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறையில் அது மின்சாரத்தால் எண்ணும். சில பேர் இரத்தத்தில் தட்டணுக்கள் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கருவி ஒரு கொத்தை ஒன்றாக எண்ணியோ விட்டுவிட்டோ மிகக் குறைவாகக் காட்டும். நல்ல ஆய்வகத்தில் அந்த எண்ணை அப்படியே எழுதாமல், ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மனிதர் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார். மனிதனுக்கு வைத்த இந்த ஒழுங்கு பட்டுப்புழுவுக்கும் வேண்டும்.

போலிகளும் உண்டு. கொழுப்புத் துளி, பூஞ்சை வித்து, ஈஸ்ட், கிராசரி என்ற பால்புழு நோயின் பலகோணத் துகள் எல்லாம் ஏறக்குறைய இதே அளவில் கண்ணில் படும். அனுபவம் உள்ளவர் இதை எப்படிப் பிரிக்கிறார்? பெப்ரைன் வித்து பளபளவென்று மின்னும். திரவத்தில் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். கூர்மையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் அதன் ஒளி மாறுவது தெரியும். ஆனால் ஒரே ஒரு நிழற்படத்தில் துடிப்புத் தெரியாது. படம் எடுத்த அந்தக் கணத்திலேயே ஒரு அடையாளம் போய்விடுகிறது.

இதற்காக இப்போது வேறு ஒரு முறையில் முயல்கிறார்கள். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று சட்டம் சொல்லாமல், ‘இது வித்து, இது வித்து அல்ல’ என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். பிள்ளைக்குப் படம் காட்டிக் காக்கை, குருவி சொல்லித் தருகிற மாதிரி. நம் மத்திய அரசு 2024 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பில் செல்போனில் எடுத்த பூச்சிப் படத்தை அடையாளம் காண்பதும் இந்த வகைதான். நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு மைக்ராஸ்கோப்பின் படத்தில் பழகியது, வேறு வெளிச்சம், வேறு கேமரா என்றால் தடுமாறும். பழக்கியவர் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதுவும் தப்பாகவே சொல்லும். ஆகவே சந்தேகம் வந்த மாதிரியை மனிதக் கண்ணாலும், தேவைப்பட்டால் பி.சி.ஆர். போன்ற மரபணுச் சோதனையாலும் உறுதி செய்துகொள்வதே முறை.

பட்டில்லாத விவசாயிக்கும் ஒரு வார்த்தை

வாழை, திராட்சை, தென்னை வைத்திருப்பவர்கள் டிரைக்கோடெர்மா பொட்டலம் வாங்குகிறீர்கள். அதில் கிராமுக்கு இத்தனை என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். 2×10⁶ என்று இருந்தால் கிராமுக்கு இருபது லட்சம் உயிருள்ள அலகு என்று பொருள். மைக்ராஸ்கோப்பிலோ கம்ப்யூட்டரிலோ எண்ணினால் செத்த வித்தும் உயிருள்ள வித்தும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும். அதனால்தான் இதைத் தட்டில் வளர்த்து, முளைத்த கூட்டங்களை எண்ணிச் சொல்கிறார்கள். வெயிலில் காய்ந்த, கெடு தேதி தாண்டிய பொட்டலத்தில் வித்து நிறைய இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. எண்ணைப் பார்க்கும்போது தேதியையும் பாருங்கள்.

வாழையில் இலைப்புள்ளி நோய்க்குத் தழையைப் படம் பிடித்து, இலைப் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கருகியிருக்கிறது என்று அளக்கவும் இதே முறை உதவும். அங்கேயும் நல்ல இலையை மட்டும் பறித்துக் கொண்டுபோனால் நல்ல எண்தான் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பட்டு விவசாயிகள் கவனத்துக்கு:

ஒன்று. பதிவு பெற்ற இடத்தில் மட்டும் முட்டையோ இளம்புழுவோ வாங்குங்கள். பரிசோதனை எப்படி நடந்தது, எத்தனை தாய் பார்த்தார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கக் கேட்கத்தான் தாளில் எழுதும் வழக்கமும் வரும்.

இரண்டு. முட்டைக்குச் சோதனை ஆகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். புழு வளரும்போதும் சோதிக்க வேண்டும். மாதிரி கொடுக்கும்போது நல்ல புழுவைப் பொறுக்கிக் கொடுக்காதீர்கள். சிறுத்த புழு, தோலுரிக்கப் பிந்திய புழு, பொரிக்காமல் நின்ற முட்டை, இவற்றைக் கொடுங்கள். நோய் இருந்தால் இவற்றில்தான் முதலில் தெரியும். மூட்டையில் கண்ணை மூடி இருபது காய் எடுப்பதற்கும், கறுத்த காய் ஒதுங்கும் மூலையிலிருந்து இருபது காய் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இதை எந்தக் கம்ப்யூட்டரும் உங்களுக்காகச் செய்யாது. புழுவைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்தான்.

மூன்று. ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் எண்ணியது என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மாதிரி, எத்தனை இடம் பார்த்தது? அளவுகோலைச் சரிபார்த்தார்களா? சந்தேகப்பட்ட படத்தை ஆள் யாராவது பார்த்தார்களா?

நான்கு. நோய் உறுதியானால் அந்தப் புழுக்களைத் தட்டோடு வெளியே கொட்டாதீர்கள். எரித்துவிடுங்கள். வித்து தூசியிலும் எச்சத்திலும் நெடுநாள் உயிரோடு கிடக்கும். மனையைச் சுத்தம் செய்து, நூறு லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடரும் 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, சுவர், தரை, தாங்கி, தட்டு எல்லாம் நனையத் தெளியுங்கள். பவுடர் புதிதாக, காற்றுப் படாமல் கட்டியதாக இருக்க வேண்டும். தெளிக்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள்.

சின்னமனூர் விவசாயி அடுத்த வளர்ப்பில் மூன்றாம் தோலுரிப்பு வரை காத்திருக்கவில்லை. இரண்டாம் தோலுரிப்பிலேயே பிந்திய புழுக்களை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். “நல்லதா நாலு கொண்டாரலாம்னு கையி போச்சு சார். நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, நோஞ்சானா பொறுக்கிக்கிட்டு வந்தேன்” என்றார். பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் சோதித்தார்கள். வித்து காணப்படவில்லை. அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “எத்தன புழு பாத்தீகன்னும் இதுல எழுதிக் குடுங்க” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

(வானொலியின் உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)